பழக்கம் பொதுவானால் விருப்பமும் பொதுவா?

ஒரு பொருளை ஊரே வாங்கினால், ஊருக்கே அது பிடித்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். விற்பனைக் கணக்கிலிருந்து மக்களின் மனத்தைப் படித்துவிடலாம் என்னும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை எங்கே பொய்த்துப்போகிறது என்று காட்டுவதே நுகர்வு ஆய்வுக்குக் கணினி உருவகப்படுத்தல் தரும் முதற்பயன் என்று கருதுகிறேன்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். ஒரு கூட்டத்தில் 100 பேர். ஒருவர் யாருக்காகவும் காத்திராமல் கலகத்தில் இறங்குவார். அடுத்தவர் ஒருவர் இறங்கியபின் இறங்குவார். மூன்றாமவர் இருவர் இறங்கியபின். இப்படியே 99 வரை. முடிவில் நூறு பேரும் இறங்கிவிடுவர். ஒருவருக்காகக் காத்திருந்தவரை மட்டும் இருவருக்காகக் காத்திருப்பவராக மாற்றினால், முதல் ஆளோடு எல்லாம் நின்றுபோகும். இரண்டு கூட்டங்களின் மனநிலையும் ஏறக்குறைய ஒன்றே, விளைவுகளோ நேரெதிர். புதிய பொருளை ஏற்பதற்கும் இக்கணக்கு பொருந்தும். விளைவை மட்டும் பார்ப்பவர் முதல் ஊரை ஆர்வமுள்ளது என்றும் இரண்டாவதை ஆர்வமற்றது என்றும் எழுதிவைப்பார்.

மனிதர்கள் எண்கள் அல்லர், பொருளின் தரத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 14,341 பேர் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் கேட்டனர். பிறர் எத்தனை முறை பதிவிறக்கினர் என்பது ஒரு பிரிவினருக்குத் தெரியாது. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். அந்தந்த உலகத்தின் எண்ணிக்கை மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. எட்டிலும் வெற்றிப்பட்டியல் வேறுபட்டது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம் என்றாயிற்று. தரம் எல்லையை வகுத்தது; எல்லைக்குள் நடந்ததைப் பிறரின் தேர்வு தீர்மானித்தது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றுண்டு: உருவகப்படுத்தலின் விதிகளை வேண்டியபடி அமைத்தால் வேண்டிய முடிவு வந்துவிடுமே! உண்மைதான். ஒரு பழக்கத்தை உருவாக்கிக் காட்டிய விதியே அதன் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால், விதி எதிர்பாராததையும் சொல்லும். தம்மை ஒத்தவரோடு பழகி மேலும் ஒத்துப்போகும் மனிதர்களை ராபர்ட் ஆக்சல்ராட் 1997இல் கணினியில் உருவாக்கினார். எல்லாரும் ஒன்றாகிவிடுவர் என்றே நமக்குத் தோன்றும். பல சமயங்களில் அக்கம்பக்கத்தார் ஒன்றானார்கள். வட்டாரங்களோ பிரிந்தே நின்றன. வட்டார எல்லைகள் உண்மைத் தரவிலும் தென்படுகின்றனவா என்று சோதிக்க முடியும். சோதனையில் தோற்க வாய்ப்புள்ள மாதிரியே அறிவியலுக்கு உதவும்.

எனவே இங்கே கட்டுரை வாசிப்போரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விதிக்குப் போட்டியாக இன்னொரு விதியையும் அதே தரவில் ஓட்டிக் காட்டுங்கள். ஒரே ஓட்டத்தின் முடிவை அல்ல, பல ஓட்டங்களின் பரவலைத் தாருங்கள். எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் மாதிரியைக் கைவிடுவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். இவ்வளவும் செய்தால், மக்களின் விருப்பத்தைப் பற்றி நாம் சொல்வது குறையும். சொல்வது உறுதியாக நிற்கும். அந்த நேர்மையை உங்களிடம் எதிர்பார்த்து, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.