இசைத்தட்டும் ஊசியும்



இல்லத்தில் இசைத்தட்டுக் கேட்கும் வழக்கம் மீண்டும் தழைத்து வருகின்றது. புதிதாகச் சுழற்றி வாங்கியோர் சிலர், ஒலி தெளிவாக இல்லையெனில் உடனே விலையுயர்ந்த ஒலிபெருக்கியை நாடுகின்றனர். முதலிற் கவனிக்க வேண்டியது ஊசியேயாகும்.

1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நீண்டநேர இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. அதன் பள்ளம் மிக நுண்ணியது. பழைய 78 சுழற்சித் தட்டின் பள்ளமோ அதனிலும் இரு மடங்குக்கு மேல் அகன்றது. ஆகவே ஒன்றுக்குரிய ஊசி மற்றொன்றுக்கு ஆகாது. தடித்த ஊசி நுண்பள்ளத்தைச் சிதைத்துவிடும்.

சுழற்றியை ஆட்டமில்லாத மேசையில் வைத்து, இரசமட்டத்தாற் சமன் பாருங்கள். ஊசி பொருந்திய கையின் பின்முனையிலுள்ள பாரத்தைத் திருகி, அக்கை துலாக்கோல்போற் சமநிலையில் நிற்கச் செய்யுங்கள். அதன்பின் ஊசியைச் செய்தோர் குறித்துள்ள பாரத்தை வையுங்கள். அது பெரும்பாலும் 2 கிராம் அளவினதே. பாரம் மிகுந்தாற் பள்ளம் தேயும். மிகக் குறைப்பதும் நன்றன்று. ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாது துள்ளி, அதன் சுவர்களைப் புண்படுத்தும்.

வைர ஊசியும் பல நூறு மணி நேரத்தில் தேய்வதே. அதனை உரிய காலத்தில் மாற்றுதலே முதற் செலவாகட்டும். தட்டின் தூசியையும் ஒவ்வொரு முறையும் துடைத்தல் வேண்டும்.

ஒலிபெருக்கியை நாளை மாற்றலாம். தேய்ந்த பள்ளத்தை எவராலும் மீட்க இயலாது. மறைந்த பாடகர் ஒருவரின் குரல் அந்த ஒரு தட்டிலேயே எஞ்சியிருக்கவுங் கூடும்.