சளியை ஏற்றிவிடும் நுண்மயிர்கள்



காலையில் எழுந்ததும் தொண்டையைக் கனைத்துச் சிறிது சளியைத் துப்புகிறோம். நெஞ்சுக்குள் கிடந்த அந்தச் சளி, நாம் தூங்கும்போது தொண்டை வரை எப்படி ஏறி வந்தது? சளிக்குக் கையுமில்லை, காலுமில்லை. அதை மேலே ஏற்றிவிட்டது யார்?

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிக நுண்ணிய மயிர்கள் உள்ளன. விஞ்ஞானிகள் இவற்றைச் 'சிலியா' என்பார்கள். ஓர் உயிரணுவின் மேல் ஏறக்குறைய 200 நுண்மயிர்கள் நிற்கின்றன. ஒரு மயிரின் நீளம், ஒரு மில்லிமீட்டரை நூற்றைம்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். காற்றில் லாலான் புல் அலை அலையாகச் சாய்வதுபோல், இவை ஒரு விநாடியில் பத்துத் தடவைக்கு மேல் அசைகின்றன. தூசியும் புகையும் கிருமியும் ஒட்டிய சளியை இவையே மேலே தள்ளுகின்றன.

இந்த மயிர்களை அசைப்பவை இயக்கப் புரதங்கள். மயிருக்குள் நெடுகிலும் நுண்குழல்கள் ஓடுகின்றன. 'டைனீன்' என்னும் புரதம் ஒரு குழலில் நின்றுகொண்டு பக்கத்துக் குழலைப் பற்றி இழுக்கிறது. குழல்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நழுவிப்போக முடியாமல் மயிர் வளைகிறது. இந்தப் புரதத்துக்கு 1965ஆம் ஆண்டில் ஐயன் கிப்பன்ஸ் என்ற விஞ்ஞானி பெயர் சூட்டினார்.

சரி, மயிர் ஓர் அளவோடு வளர்ந்து நின்றுவிடுகிறதே, அது எப்படி? மயிருக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் அதற்குள் தயாராவதில்லை. அவை கீழே உயிரணுவில்தான் தயாராகின்றன. குன்றின் உச்சியில் வீடு கட்டுவதானால் செங்கல்லை லாரியில் ஏற்ற வேண்டும் அல்லவா? அதுபோல், 'கைனெசின்' என்னும் புரதம் சாமான்களை நுனிக்குச் சுமந்து செல்கிறது. டைனீனில் வேறொரு வகை, கழிந்தவற்றைத் திரும்பக் கொண்டு வருகிறது. நுனியில் சேர்வதும் கரைவதும் ஓயாமல் நடக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் நீளம் நிலைக்கிறது.

அமெரிக்க விஞ்ஞானி ஜோயல் ரோசன்பாம், குளத்து நீரில் வாழும் இரண்டு வால் கொண்ட ஒரு பச்சைப் பாசியை ஆராய்ந்தார். அந்த வால்களும் சிலியாவைப் போன்றவையே. 1969இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், ஒரு வாலை வெட்டியபோது மற்றொன்று தானாகவே குறுகியது, வெட்டுண்டது வளர்ந்தது. இரண்டும் சமமானதும் சேர்ந்து வளர்ந்து பழைய நீளத்தை எட்டின! சாமான்கள் வாலுக்குள் போய்வருவதை 1993இல் அவருடைய குழுவினர் நுண்நோக்காடியில் நேரிலேயே கண்டார்கள்.

நீளம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. நுனியைக் கரைத்து அளவோடு வைக்கும் கைனெசின் ஒன்றும் உண்டு. அது இல்லாத எலிகளை 2012இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவற்றின் நுண்மயிர்கள் மிதமிஞ்சி நீண்டு, சரியாக அசையவில்லை. எலிகளின் மூளையில் நீர் தேங்கியது. பெண் எலிகள் கருத்தரிக்கவில்லை.

மனிதருக்கும் இத்தகைய பழுது நேர்வதுண்டு. சிலருடைய நுண்மயிர்களில் டைனீன் இல்லாததை 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ் எடுத்துக்காட்டினார். அத்தகைய குழந்தைக்குப் பிறந்தது முதல் சளி இருமல் தீராது, மூக்கு ஒழுகும், காது அடிக்கடி சீழ் பிடிக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயம் வலப்பக்கம் இருக்கும்.

தாய்மார்களே, இத்தகைய குழந்தையைப் பார்த்து, "கர்ப்பத்தில் இவள் குளிர்ச்சியானதைத் தின்றாள்" என்று யாராவது பழித்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபுப் பழுது. அவர்களிடம் நோயின் அடையாளமே இராது. வருடம் முழுவதும் சளி இருமல் விடாத குழந்தையை, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த நாள் முதல் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சியும், கிருமி தாக்கும்போது உடனே மருந்தும் கொடுத்தால் நுரையீரலைக் காப்பாற்றலாம்.

நல்ல நுண்மயிர்களோடு பிறந்த நமக்கும் ஒரு கடமை உண்டு. புகைபிடிப்பவர்களின் நுண்மயிர்கள் குட்டையாக இருப்பதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே, வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். இரவும் பகலும் கூலி கேட்காமல் உழைக்கும் அந்தச் சின்னஞ்சிறு துப்புரவுக்காரர்களை நாமே முடமாக்கலாமா? எண்ணிப் பாருங்கள்.