மழலையர் கண்நலம்



போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருவுருவைக் குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டி மகிழ்கின்றனர் பெற்றோர். அக்குழந்தை இரு கண்களாலும் அதனைக் காண்கிறதா என்பதை அறிந்தவர் எத்துணைப் பேர்?

ஒரு கண் மங்கலான குழந்தை குறை கூறாது. தான் காண்பதே உலகம் என்று கருதும். தெளிவற்ற கண்ணின் காட்சியை மூளை மெல்லப் புறக்கணிக்கும். இதனைச் 'சோம்பேறிக் கண்' என்பர். வலியில்லை, பெரும்பாலும் புற அடையாளமும் இல்லை. ஏறத்தாழ 7 அகவைக்குள் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தும் பார்வையை மீட்கலாம். காலம் கடந்தால் மீட்டல் அரிது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தனியார் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குப் பெற்றோரே முன்வருதல் வேண்டும்.

வீட்டிலேயே ஒவ்வொரு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்க்கலாம். ஒன்றை மூடும்போது மட்டும் குழந்தை அழுது கையைத் தள்ளினால், மருத்துவரை நாடுக. மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுதல் பெரும்பிழை. கருமணியில் வெண்மை தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. குறையேதும் தோன்றாவிடினும், பள்ளியில் சேர்க்குமுன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நால்வகை. மழலையர்க்குக் கண் பரிசோதனை செய்வித்தல் ஔடத தானம். அக்கண் நூல் கற்குமாதலின் சாத்திர தானமும் அதுவே. விழாநாள்தோறும் ஜினாலய வளாகத்தில் இவ்வறம் நிகழ்க.