நன்றி நவிலல்



நம்மவரிடையே 'நன்றி' மேடைக்குரிய சொல். நன்றியுரை தொடங்கும்போதே சபை தேநீருக்கு எழுந்துவிடும். அந்தியேட்டிக் கல்வெட்டின் கடைசியில் 'நன்றி நவிலல்' வரும். வைத்தியருக்கும் தாதியருக்கும் அங்கே இடமுண்டு. நன்றி சொல்பவர் வீட்டார் என்பதால், இரவிரவாகப் பார்த்த மகளுக்கு அதில் இடமில்லை. வீட்டாருக்கு நன்றி சொன்னால் அந்நியராக்குவதுபோல என்று நினைக்கிறோம். அதிலும் ஓர் அன்பு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் பாரிசவாதத்தில் விழுந்தவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலுந்தான். அதைச் செய்பவர் பெரும்பாலும் மனைவி, அல்லது மகள். அவர்களே பின்பு நாரி நோ, நித்திரையின்மை, பிரஷர் என்று நோயாளிகளாகிறார்கள். மாதத்தில் பத்து நிமிடம் பார்க்கும் எனக்கோ, "பெரிய உபகாரம் டொக்டர்" என்று கைகூப்புகிறார்கள்.

"அதை அம்மாவுக்குச் சொல்லுங்கோ ஐயா" என்பேன். பலர் சிரித்து மழுப்புவார்கள். ஒருவர் மட்டும் யோசித்து, மனைவியைப் பார்த்து, "இரவில நீ எழும்புறது எனக்குத் தெரியும்" என்றார். நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. அந்த அம்மா பதில் பேசவில்லை; அவருடைய சால்வையைச் சரிசெய்துவிட்டார்.

அடுத்த கிளினிக்கில், "இவவுக்கும் நாரி நோகுது, ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்று சொன்னவர் அவர்தான்.