சிபில் என்னும் கடன் நோட்டு

 

மளிகைக் கடையில் கடன் நோட்டு இருக்கும். அரை கிலோ பருப்பு வாங்கினால் கடைக்காரர் அதில் எழுதுவார். மாதம் பிறந்ததும் கூட்டிச் சொல்வார். படிக்கத் தெரியாத காலத்தில் அவர் சொன்னதுதான் கணக்கு. படிக்கத் தெரிந்த பிறகு என்ன செய்கிறோம்? "அண்ணாச்சி, நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கிறோம். வாங்காத சோப்பு எழுதியிருந்தால் அடிக்கச் சொல்கிறோம்.

வங்கியிலோ, பைனான்ஸ் கம்பெனியிலோ ஒரு முறை கடன் வாங்கினால் போதும். நம் பேரில் இன்னொரு கடன் நோட்டு தொடங்கிவிடும். மகளிர் குழுக் கடன், போனுக்கு வாங்கிய தவணைக் கடன், எல்லாம் அதில் ஏறும். அதற்குக் கடன் அறிக்கை என்று பெயர். ஜனங்கள் சிபில் என்கிறார்கள். சிபில் என்பது 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கம்பெனி. இப்போது இந்தியாவில் இப்படி நான்கு கம்பெனிகள் உள்ளன. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றுக்காக 2005இல் தனிச் சட்டம் வந்தது.

இந்த நோட்டைப் பார்த்து நமக்கு மார்க் போடுகிறார்கள். 300 முதல் 900 வரை. மார்க் குறைந்தால் வீட்டுக் கடன் கிடைக்காது. கிடைத்தாலும் வட்டி கூடும். 10 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு தவணை என்று வைப்போம். வட்டி எட்டரையிலிருந்து ஒன்பதரை ஆனால் மாதத் தவணை சுமார் 640 ரூபாய் கூடும். 20 ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

முனிர்காவில் ஒரு குடும்பத்தை மனதில் வையுங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முனிர்கா கிராமத்துச் சந்தில், பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மா எதிரே உள்ள டி.டி.ஏ. பிளாட்டுகளில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அப்பா டிரைவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நரேலாவில் டி.டி.ஏ. விற்கும் சின்ன வீடு ஒன்றை வாங்க ஆசை. நரேலா டில்லியின் வடகோடியில் இருக்கிறது. அங்கிருந்து முனிர்காவுக்கு எப்படி வேலைக்கு வருவது? அது வேறு பேச்சு.

வீட்டுக் கடன் கேட்டு அம்மா வங்கிக்குப் போனார். "உங்க சிபில் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிய கடனை எல்லாம் கட்டியவர் அவர்.

வரும் வழியில் ஒரு போன் கடையில் விளம்பரம் ஒட்டியிருந்தது. பத்து நாளில் சிபில் சரிசெய்து தருகிறோம் என்று எழுதியிருந்தது. விசாரித்தார். ஐயாயிரம் ரூபாய், ஆதார் கார்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண், மூன்றும் வேண்டும் என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்.

"ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லாதேம்மா. முதல்ல உன் நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம்" என்றாள் மகள்.

நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இந்த விதி இருக்கிறது. போனிலேயே எடுக்கலாம். பணம் கட்டச் சொல்லும் பக்கம் கண்ணில் படும். அதைத் தொடாமல், இலவசம் என்று உள்ள இடத்தைத் தேட வேண்டும். நான்கையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்தக் கம்பெனியின் நோட்டை வங்கி பார்க்கும் என்று நமக்குத் தெரியாது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. மகள் வாசித்தாள்.

"அம்மா, மோட்டார் சைக்கிள் கடன்னு போட்டிருக்கு. நீ வாங்கினதா?"

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடி!"

அதே பேருள்ள வேறு யாரோ வாங்கிய கடன் அது. அது தவறி இவர் கணக்கில் ஏறிவிட்டது. இரண்டாவதாகப் போன் கடன். தவணை எல்லாம் கட்டியாயிற்று. கடைசித் தவணை நாளில் மட்டும் வங்கியில் பணம் குறைவாக இருந்தது. மறுவாரம் தவணையைக் கட்டினார். ஆனால் அபராதம் 590 ரூபாய் நின்றுவிட்டது. அது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வரிதான் பெரியது. அம்மாவின் தம்பி வாங்கிய ஆட்டோக் கடன். அம்மா அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். 2020 ஊரடங்கில் தம்பிக்கு வருமானம் நின்றது. தவணையும் நின்றது. பிறகு 90 ஆயிரம் பாக்கிக்கு 60 ஆயிரம் கட்டினால் போதும் என்று கம்பெனி சொன்னது. தம்பி கட்டினார். அறிக்கையில் 'செட்டில்டு' என்று எழுதிவிட்டார்கள். செட்டில்டு என்றால் முடிந்தது என்றுதானே நினைப்போம்? இங்கே பொருள் அதுவல்ல. முழுப்பணம் வரவில்லை, கம்பெனி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது என்று பொருள். முழுதும் கட்டினால் 'குளோஸ்டு' என்று எழுதுவார்கள். ஜாமீன் போட்டவர் நோட்டிலும் இது ஏறும்.

மூன்று வரிக்கும் ஒரே மருந்து இல்லை.

மோட்டார் சைக்கிள் கடன் தப்பாக எழுதியது. அதை நீக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அம்மாவின் பேரில் மகள் புகார் பதிந்தாள். பான் எண் வேறு, முகவரி வேறு என்று எழுதினாள். கீழே அம்மா தன் கையெழுத்தைப் போட்டார். புகாருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இந்த விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதில் வராவிட்டால், பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் பணம் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. புகார் எண்ணை மட்டும் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும்.

590 ரூபாயைக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கினார்கள். அது அத்துடன் சரி.

ஆட்டோக் கடன் உண்மை. உண்மையை எந்த ஏஜெண்டும் அழிக்க முடியாது. ஐயாயிரம் கொடுத்தாலும் முடியாது, ஐம்பதாயிரம் கொடுத்தாலும் முடியாது. அம்மா தம்பிக்குப் போன் செய்தார்.

"அந்தக் கடன் முடிஞ்சுதுன்னு சொன்னியேடா தம்பி?"

"முடிஞ்சுதுக்கா. ரசீது கூடக் கொடுத்தாங்களே."

தம்பி ஏமாற்றவில்லை. அவருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. மீதி 30 ஆயிரத்தை ஆறு தவணையாகக் கட்டலாம், கட்டி முடித்ததும் குளோஸ்டு என்று மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. இந்த முறை அம்மா அதை எழுதி வாங்கிக்கொண்டார். பழைய தவணை தவறிய மாதங்கள் அறிக்கையில் இன்னும் சில ஆண்டுகள் தெரியும். அதற்கு வழி இல்லை.

இரண்டாம் மாதம் புகாருக்குப் பதில் வந்தது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. மார்க் ஏறியது. ஆனால் வங்கி கேட்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

தம்பி மாதம் ஐயாயிரம் அனுப்புகிறார். அம்மா போய்க் கட்டுகிறார். தேதி, தொகை, ரசீது எண் மூன்றையும் தன் கையாலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். இதுவரை நான்கு வரி ஆகியிருக்கிறது. நரேலா வீட்டு மனு டிரங்குப் பெட்டியில், அந்த நோட்டுக்கு அடியில் இருக்கிறது.