ஒரு ரன், 645 அர்த்தம்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி. ரன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். கஸ்டமர்களுக்கு மெயில் அனுப்புற ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். கால்ல மேனேஜர் சொன்னார்: "ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்." நடுவுல அந்த 'பை மீ' எதுக்குன்னு புரியல. ஆனா 'ரன் இட்' புரிஞ்சுது, 'ஃபர்ஸ்ட்' புரிஞ்சுது. சரி, முதல்ல இதை ஓட்டச் சொல்றார்னு ஓட்டிட்டேன். "அன்புள்ள டெஸ்ட்"னு ஆரம்பிக்கிற மெயில் நிஜ கஸ்டமர்கள் பல நூறு பேருக்குப் போயிடுச்சு.

அவர் சொன்னது, "முதல்ல என்கிட்ட காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கோ"ன்னு. நான் செஞ்சது அதுக்கு நேர் எதிர்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த 'ரன்'னை ஆராய்ஞ்சு எழுத பீட்டர் கில்லிவர்ங்கிற ஆசிரியருக்கு ஒன்பது மாசம் ஆச்சு. 2011-ல வந்த கணக்குப்படி, வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். அதுக்கு முன்னாடி, 1989 பதிப்புல, முதலிடம் 'செட்'டுக்கு.

யோசிச்சா நம்ம 'ஓடு'வும் லேசுப்பட்டதில்ல. பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, பொழப்பு ஓடுது. அதனால 'ரன்' தனியா வந்தா நமக்குப் பிரச்சினையே இல்ல. பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி வார்த்தைதான் காலை வாரும். பால் 'ரன் அவுட்' ஆச்சுன்னா தீர்ந்துடுச்சு. ஃப்ரெண்டை 'ரன் இன்டு' பண்ணினா எதேச்சையா பார்த்தோம். அதே ஃப்ரெண்டை 'ரன் ஓவர்' பண்ணினா, போலீஸ் கேஸ்!

அதனால 645-ஐயும் மனப்பாடம் பண்ணாதீங்க. ரன் வந்தா அடுத்த வார்த்தையை மட்டும் கவனிங்க.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு என்னைக் கவுத்தது இங்கிலீஷ் இல்ல. புரியலன்னு எனக்கே தெரியும். கேட்டா "இதுகூடத் தெரியாதா"ன்னு நினைப்பாங்களோன்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ யார் என்ன சொன்னாலும் என் வார்த்தையில திருப்பிச் சொல்லிடுறேன்: "உங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் ஓட்டணும், கரெக்டா?" அஞ்சு செகண்ட்கூட ஆகாது. இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல.

உங்களைக் கவுத்த வார்த்தை எது? எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.