கோடைப் படிப்பின் கணக்கு
(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இந்தக் கோடைக்குள் நான்கு புஸ்தகங்களைப் படித்து விடுவதென்று சித்திரையில் நாம் ஒரு பட்டியல் போட்டுக் கொண்டோம். அது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறதென்று சொல்லும்படி தலைவர் அவர்கள் கேட்டுக் கொண்டார். இரண்டு முடிந்தன, ஒன்று பாதியில் நிற்கிறது, ஒன்றை இன்னும் தொடவில்லை. ஆனால் எண்ணிக்கையை மாத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்து விட்டால், நூற்றெட்டுத் தரம் பாராயணம் செய்து புண்ணியம் தேடுகிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. எண்ணிக்கை நிறைந்தால் போதும். நமக்கு அது போதுமா என்று கேட்கின்றோம்.

முதலில் முடித்தது, மைக்கேல் பாரடே 1860-61-ல் லண்டனில் சிறுவர்களுக்குச் செய்த ஆறு சொற்பொழிவுகள். விஷயம் ஒரே ஒரு மெழுகுவத்தி! பேசியவரோ கொல்லர் மகன். காலேஜ் வாசலை மிதித்துப் படித்தவரல்ல. புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு வருஷம் தொழில் பழகியபோது, பைண்டுக்கு வந்த புஸ்தகங்களையே படித்து அறிவு பெற்றவர். வத்தியை அணைத்தவுடன் எழும் புகை எரியக்கூடிய ஆவி என்றும், திரியைத் தொடாமல் அந்தப் புகையில் நெருப்பைக் காட்டினாலே தீ இறங்கித் திரியைப் பற்றும் என்றும் அவர் காட்டினார். மின்சாரம் நின்ற ஓர் இரவு நாமும் செய்து பார்த்தோம், பற்றிக்கொண்டது. இதையே ஒரு சாமியார் செய்தால் விபூதி வாங்கக் கூட்டம் கூடாதா? சாமியார் வழியை மறைப்பார். பாரடே வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்.

இரண்டாவது, டாக்டர் அம்பேத்கர் ஜாதி ஒழிப்பைப் பற்றி எழுதியது. 1936-ல் லாகூரில் ஒரு மகாநாட்டுக்குத் தலைமைப் பிரசங்கமாக அதை எழுதினார். அழைத்தவர்கள் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார்தான். அவர்களே அதைப் படித்துப் பார்த்துச் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மகாநாடு நின்றது. பேசப்படாத பேச்சைத் தம் கைப்பணத்தில் அச்சிட்டார். ஜாதியைத் திட்ட ஆள் கிடைக்கும், அதற்கு ஆதாரமான சாஸ்திரத்தைத் தொட்டால் ஆள் கிடைக்காது என்பதை இதைவிட வேறென்ன காட்ட வேண்டும்?

பாதியில் நிற்பது டார்வின் 1859-ல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம். புறா வளர்ப்பில் தொடங்கி ஆறாம் அத்தியாயத்துக்கு வந்திருக்கின்றோம். அந்த அத்தியாயம் முழுவதும் என்ன தெரியுமா? தம் கொள்கைக்கு ஏற்படக்கூடிய ஆட்சேபணைகளைத் தாமே எடுத்துவைத்துப் பதில் சொல்கிறார். கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படி உண்டாயிற்று என்று எதிரி கேட்குமுன் அவரே கேட்கிறார். சந்தேகிப்பவன் பாவி என்று சொல்லும் புஸ்தகங்களோடு இதைச் சேர்த்து வைத்து யோசித்துப் பாருங்கள். இங்கே வேகமாகப் பக்கம் தள்ளுவதில் பிரயோஜனமில்லை. ஆகையால் மெதுவாகவே போகின்றோம்.

தொடாதது தாமஸ் பெயின் எழுதிய பகுத்தறிவு யுகம். அதன் முதற்பாகம் 1794-ல் வெளிவந்தது. அதை அச்சிட்டு விற்ற குற்றத்துக்காக ரிச்சர்டு கார்லைல் என்பவர் 1819-ல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். விற்பவன் சிறை போன புஸ்தகம் இன்று நம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, எடுப்பாரைக் காணோம். சர்க்கார் அன்று செய்த தடையை இன்று நம் சோம்பலே செய்யலாமா?

ஆகவே தோழர்களே, ஆளுக்கொரு புஸ்தகம் எடுத்துச் செல்லுங்கள். எழுத்துத் தெரியாத அண்டை வீட்டாருக்குத் தினம் நாலு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை படித்தீர்கள் என்று கேட்கமாட்டோம். எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்போம்.